ஆயுதம் களைதலும் காவற் பொறுப்பும்

லெபனான் தேசத்து மந்திரிசபை 2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு தீர்மானம் செய்தது. தேசத்திலுள்ள ஆயுதங்கள் யாவும் சர்க்கார் வசமே இருத்தல் வேண்டும். அதற்குரிய திட்டத்தை ராணுவம் வகுத்துக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஹிஸ்புல்லா என்னும் எதிர்ப்பு இயக்கத்தைக் குறித்தே அத்தீர்மானம் பிறந்ததென்பது யாவரும் அறிந்தது. ஷியா வகுப்பைச் சேர்ந்த மந்திரிகள் சபையிலிருந்து வெளியேறினர். அப்படியொரு தீர்மானமே இல்லையெனப் பாவித்து நடப்போம் என்று இயக்கத்தார் அறிவித்தனர். கடலுக்கு அப்பால் நடந்த இவ்விவகாரம் நமது நாட்டிலும், விசேஷமாக அரசியலில் ஊக்கமுள்ள இளைஞரிடையே, பெரும் வாதத்தைக் கிளப்பியிருக்கிறது.

வாதம் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு தேசத்தில் ஒரு பட்டாளந்தான் இருக்கலாம். வேறு எவன் கையிலுள்ள துப்பாக்கியும் கொள்ளைக்காரன் துப்பாக்கியே என்பது ஒரு கட்சி. அந்நியன் எல்லையில் நிற்கும்போது ஜனங்கள் ஆயுதத்தைக் கீழே வைப்பது தற்கொலை; தீரன் சின்னமலை வைத்தாரா, மருது சகோதரர்கள் வைத்தார்களா என்பது மற்றொரு கட்சி. இரண்டாவது கட்சியார் நம் நாட்டுச் சரித்திரத்தையே துணைக்கு அழைக்கிறபடியால், கொங்கு நாட்டுப் பத்திரிகையொன்று வாளாவிருத்தல் தகாது. சரித்திரத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் அதன் சாட்சியம் முழுவதையும் கேட்க வேண்டும். வேண்டியதைக் கேட்டுக்கொண்டு பாதியில் இறக்கிவிடுவதை எந்தக் கோர்ட்டும் ஒப்பாது.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் எந்தப் படைக்கும் வாசற்படியாக இருந்து வந்தது. ஹைதரின் படையும் திப்புவின் படையும் அவ்வழியே மலையாளம் போயின. 1783-ல் கர்னல் ஃபுல்லர்ட்டன் பாலக்காட்டுக் கோட்டையைப் பிடிக்க வந்தபோது, மழையில் நனைந்து ஆனைமலைக் காட்டின் வழியே தன் பீரங்கிகளை இழுத்து வந்தான். பாலக்காடும் கோயமுத்தூரும் அவன் கையில் விழுந்தன. மறு வருஷமே மங்களூர் உடன்படிக்கையால் யாவும் திப்புவுக்குத் திரும்பின. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொங்கு நாடு கும்பினியாரைச் சேர்ந்தது. இத்தனை கைமாற்றங்களிலும் ஆனைமலைக் குடியானவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்படிப் பட்டாளங்களால் மிதிபட்ட தென்னாட்டில் குடிகளுக்கு அருகிலிருந்த காவல் பாளையக்காரனுடைய காவலே. ஸ்தல காவல் என்றும் திசைகாவல் என்றும் அது இருவகைப்படும். முன்னது கிராமத்தினுடையது, பின்னது பல கிராமங்கள் அடங்கிய வட்டாரத்தினுடையது. காவலுக்கென்று களத்து மேட்டில் தானியமாகவோ பணமாகவோ ஒரு பங்கு உண்டு. அப்பங்கை வாங்குகிறவன் தன் எல்லைக்குள் களவு போனால் பொருளை மீட்டுத் தர வேண்டும். தவறினால் தானே ஈடு கொடுக்க வேண்டும். கூலியும் பொறுப்பும் ஒரே கையில் சேர்ந்திருந்தன என்பதே இவ்வேற்பாட்டின் உயிர்நிலை.

பாளையக்காரர்கள் அனைவரும் தர்மபுத்திரர்கள் என்று சாதிப்பது நமது நோக்கமன்று. காவற்கூலி சில இடங்களில் கொள்ளையாக மாறியதுண்டு. ஒருவரோடொருவர் பொருது குடிகளின் பயிரை அழித்ததுண்டு. கட்டபொம்மனைப் பிடிப்பதற்குப் புதுக்கோட்டைத் தொண்டைமான் உதவியதும், எட்டயபுரத்தார் கும்பினியின் பக்கம் நின்றதும் குழந்தைகளும் அறிந்த சங்கதி. ஆனால் காவலில் குறை நேர்ந்தால் ஈடு கேட்க ஒரு வாசல் இருந்தது. அந்த வாசல் அதே சீமையில் இருந்தது.

1800-ம் வருஷத்து நிகழ்ச்சிகளைக் கவனிப்போம். பழனிக்கு அருகிலுள்ள விருப்பாச்சியின் பாளையக்காரர் கோபால நாயக்கர் திண்டுக்கல் மலைப்பக்கத்தில் ஒரு கூட்டுறவை உண்டாக்கினார். கொங்கு நாட்டில் தீரன் சின்னமலை அதில் சேர்ந்தார். சிவகங்கையில் மருது சகோதரர்களும், மலையாளத்தில் பழசி ராஜாவும், மைசூரின் வடபுறத்தில் தூந்தியா வாக்கும் ஒரே பகைவனை எதிர்த்து நின்றனர். கோயமுத்தூர்க் கோட்டையைக் கைப்பற்றுவது முதற் காரியம் என்று முடிவாயிற்று. அதற்குக் குறித்த நாள் மொஹரம் பண்டிகை நாளாகிய 1800 ஜூன் 3. கோட்டைக்குள்ளிருந்த முஸ்லிம் வீரரும் வெளியிலிருந்து வருகிறவர்களும் சேர்ந்து எழுவதாக ஏற்பாடு. ஹிந்து, முஸ்லிம் என்ற பேதத்தை இன்று அரசியல் சரக்காக்கி விற்பவர்கள் இந்தத் தேதியை ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்வது நலம். விஷயம் முன்னரே வெளியானதால் முயற்சி முறிந்தது. பிடிபட்டவர்களில் 42 பேர் தூக்கிலிடப்பட்டதாக இக்கிளர்ச்சியை ஆராய்ந்த சரித்திராசிரியர் கே. ராஜய்யன் எழுதுகிறார்.

பிறகு நடந்தது விரைவாகவே நடந்தது. தூந்தியா வாக் அவ்வருஷம் செப்டம்பரில் போர்க்களத்தில் மாண்டார். ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மண்ணால் மீண்டும் எழுப்பினார். மே மாதத்தில் அது விழுந்தது. ஜூன் 16-ந் தேதி மருது பாண்டியரின் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோவில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். கோபால நாயக்கரின் முடிவும் அவ்வருஷமே. சின்னமலை மட்டும் 1805 வரையில் பிடி கொடாமல் நின்று, சங்ககிரியில் உயிர் துறந்தார்.

இதுவரையில் மேடைதோறும் சொல்லப்படுகிறது. இதற்கடுத்த அத்தியாயத்தை மேடையில் நாம் கேட்டதில்லை. 1801-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரபு ஒரு விளம்பரம் பிறப்பித்தார். வங்காளத்துக் கிளைவின் குமாரர் இவர். பாளையக்காரர், சேர்வைக்காரர், குடிகள் ஆகிய யாவரையும் நோக்கி அது எழுதப்பட்டது. சர்க்கார் அனுமதித்தவை நீங்கலாக ஆயுதம் வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும் அடியோடு நிறுத்தப்படும், துப்பாக்கியோ ஈட்டியோ மறைத்து வைப்போர் மரண தண்டனைக்கு உட்படுவர், கோட்டைகள் இடிக்கப்படும், பாளையக்காரரின் மரியாதைச் சின்னமாகச் சில ஈட்டிகள் மட்டும் அனுமதிக்கப்படும் என்று அதில் கண்டிருந்தது. அவ்வளவோடு நின்றிருந்தால் வென்றவன் தோற்றவனுக்கு இடும் கட்டளையென்று விட்டுவிடலாம். அதில் இன்னொரு வாசகமும் உண்டு. பாளையக்காரரின் படை ஊழியம் ஒழிந்துபோனபடியால், பாளையச் சீமைகளைக் காக்கும் பொறுப்பைக் கும்பினியே தன்மேல் ஏற்றுக்கொண்டதாக அந்த விளம்பரம் சொல்லிற்று.

எங்கள் அபிப்பிராயத்தில் அந்த விளம்பரம் முழுவதிலும் மரண தண்டனையைவிடக் கொடியது இந்த வாசகந்தான். காக்கும் பொறுப்பை ஏற்றவன் லண்டனிலுள்ள பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்டுகிறவன். திருநெல்வேலியிலோ கோயமுத்தூரிலோ ஒரு குடி களவு போன மாட்டுக்கு ஈடு கேட்க அவனிடத்தில் வாசல் கிடையாது. ஆயுதத்தை வாங்கிக்கொண்டவன் பொறுப்பையும் வாங்கிக்கொண்டான். பதில் சொல்லும் கடமையை மாத்திரம் கப்பலேற்றி அனுப்பிவிட்டான். விளம்பரம் தென் சீமைகளைக் குறித்தது. கொங்கு நாட்டில் அதே கொள்கை பீரங்கியால் எழுதப்பட்டது. சின்னமலையின் ஓடாநிலைக் கோட்டை தரைமட்டமாயிற்று. பாஞ்சாலங்குறிச்சியில் கோட்டை இருந்த மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பர். ஊத்துக்குளி, சமத்தூர், புரவிபாளையம் முதலிய நமது பக்கத்துப் பாளையங்கள் வாளையிழந்து, வரி கட்டும் ஜமீன்களாக நிலைத்தன.

காவலையே ஜீவனமாகக் கொண்டிருந்த கூட்டத்தார் என்னவானார்கள் என்பது இவ்வரலாற்றில் மிகவும் துயரமான பகுதி. காவற்கூலி போயிற்று; காவலனும் போலீஸார் கண்ணில் கள்வனானான். குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்திலும் கைக்கொள்ளப்பட்டபோது, பிறப்பினாலேயே குற்றவாளி என்று ஜாதி முழுவதையும் பதிவு செய்தனர். 1920 ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூரில் கைரேகை கொடுக்க மறுத்தவர்கள்மேல் போலீஸார் சுட்டனர். நூறு வருஷத்துக்கு முன் ஊருக்கு ஈடு கொடுக்கும் பொறுப்பிலிருந்தவர்களின் சந்ததியார் இரவில் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்கவேண்டி வந்தது. சென்னை மாகாணத்தில் 1947-லும் தேச முழுவதிலும் 1952-லுந்தான் அச்சட்டம் ஒழிந்தது.

1878-ல் வைஸ்ராய் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டத்தைச் செய்தார். தேச பாஷைப் பத்திரிகைகளை அடக்கும் சட்டத்தைச் செய்தவரும் அவரே, செய்ததும் அதே வருஷம். வாளுக்கும் பேனாவுக்கும் ஒரே பூட்டைத் தேடிய அவருடைய சிக்கனத்தைப் பத்திரிகைக்காரர்கள் மறத்தற்கில்லை. இந்தியன் ஆயுதம் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியனுக்கு விலக்கு உண்டு. 1887 டிசம்பரில் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ், பத்ருத்தீன் தயாப்ஜியின் தலைமையில் இதைக் கண்டித்தது. விபின் சந்திர பாலர் அங்கே சட்டத்தை எதிர்த்துப் பேசினார். பிரிட்டிஷ் விசுவாசம் அறிவிக்காமல் ஒரு தீர்மானமும் நிறைவேறாத அக்காலத்திலேயே இந்தக் குறையை வெளியிட நம்மவர் தயங்கவில்லை. 1931-ல் கராச்சி காங்கிரஸ் வகுத்த அடிப்படை உரிமைகளில், ஒழுங்குகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. அஹிம்சையை விரதமாகக் கொண்ட மகாசபை இதைக் கேட்டதில் முரண்பாடு இல்லை. நிராயுதபாணியாக்கப்பட்டவன் அஹிம்சையைத் தேர்ந்துகொண்டான் என்று சொல்வதெப்படி? திருப்பூரில் 1932-ல் குமரன் கையிலிருந்தது கொடி. அந்தக் கை வேறொன்றையும் ஏந்தவல்லது என்பதை அறிந்துதான் நாம் அவரை வணங்குகிறோம்.

ஸ்வராஜ்யம் வந்தது. அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் ஸ்ரீ எச். வி. காமத் எழுந்து, கராச்சி உரிமையை அரசியல் சட்டத்தில் எழுத வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, சபையும் நிராகரித்தது. முடிவில் 19-வது ஷரத்தில் நமக்குக் கிடைத்த உரிமை, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமை. அறுபது வருஷம் கேட்ட உரிமையைக் கைக்கு வந்தபோது நம்மவரே தள்ளிவிட்டனர் என்று சிலர் ஏளனம் செய்கிறார்கள். அந்த ஏளனம் விஷயத்தை அறியாததால் விளைந்தது. 1887-ல் லைசென்ஸ் கொடுத்தவனும் மறுத்தவனும் நமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லன். 1950-க்குப் பிறகு அவன் சட்டசபைக்கும் கோர்ட்டுக்கும் வோட்டருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். காக்கும் பொறுப்பு வீட்டுக்குத் திரும்பிவிட்டது. ஆகையால் ஆயுதத்தைப் பற்றிய கேள்வியின் தன்மையே மாறிற்று. அந்தச் சபையில் அங்கத்தினராக இருந்த பொள்ளாச்சித் தாலுகா செங்குட்டைப்பாளையத்து ஸ்ரீ சி. சுப்பிரமணியம் பிற்காலத்தில், 1979-ல், இந்தியாவின் ராணுவ மந்திரியாகவே அமர்ந்தார். சின்னமலையின் நாட்டார் ஒருவரிடம் தேசத்தின் பீரங்கிகளெல்லாம் கணக்கொப்பிக்கும் நிலை வந்தது சிறிய மாறுதலா?

சூலூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 ஆகஸ்டு 26-ந் தேதி இரவு கோயமுத்தூர்ச் சுற்றுப்புறத்துத் தொழிலாளரும் குடியானவரும் சேர்ந்து சூலூர் விமான தளத்துக்குத் தீ வைத்தனர். யுத்த காலத்தில் தேசப் பாதுகாப்புக்கென்று கட்டப்பட்ட தளம் அது. சர்க்கார் அதை நாச வேலை என்றது. ஜனங்களோ தங்களைக் கேளாது தங்கள் பேரால் நடந்த யுத்தத்தின் கொட்டகை என்று அதைக் கண்டனர். அதே சூலூர் பின்னர் இந்திய விமானப்படையின் தளமாயிற்று; நமது தேசத்திலேயே செய்யப்பட்ட தேஜஸ் விமானங்களின் முதல் அணி 2018-ல் அங்கே வந்து சேர்ந்தது. அங்கே எழும் விமானத்தின் ஓசை கேட்டால் சூலூர்க் குடியானவன் வயலிலிருந்து நிமிர்ந்து பெருமிதத்தோடு பார்க்கிறான். ஓடுபாதை ஓடுபாதைதான்; அது யாருக்குக் கட்டுப்பட்டது என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

இன்னும் சிறிய உதாரணமும் உண்டு. ஆனைமலை அடிவாரத்தில் லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயி, தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் அதைத் துணியில் சுற்றிக்கொண்டுபோய்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கிறான். காட்டுப்பன்றி அவனுடைய தேர்தல் அட்டவணையைப் பார்த்து வருவதில்லை என்று முணுமுணுப்பான். ஆனாலும் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிப் பெட்டியில் வைக்கிறான். முடிவு தெரிந்த பின் ரசீதைக் காட்டித் துப்பாக்கியைக் கேட்டு வாங்குகிறான். தராவிடில் கலெக்டரிடம் மனுப் போடுகிறான். 1801-ல் நம் முன்னோர் ஒப்படைத்த வேல்களுக்கு ரசீது கிடையாது. ஆயுதப் பறிப்புக்கும் ஆயுத ஒப்படைப்புக்கும் உள்ள பேதத்தை நமது விவசாயி வியாக்கியானமின்றியே அறிந்திருக்கிறான்.

இந்தப் பேதத்தை மறந்ததால் நம் கண்ணெதிரே ஒரு பெரிய அனர்த்தம் நிகழ்ந்தது. 1987 ஜூலை 29-ந் தேதி கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தமிழ் இயக்கங்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டுமென்பது அதன் முக்கியமான ஷரத்து. ஆகஸ்டு 4-ந் தேதி யாழ்ப்பாணத்துச் சுதுமலையில் திரண்ட பெருங்கூட்டத்தில் பிரபாகரன் பேசினார். ஈழத் தமிழரைக் காக்கும் பொறுப்பை இந்தியா ஏற்கிறபடியால், அந்தப் பொறுப்போடு சேர்த்தே ஆயுதங்களையும் கொடுக்கிறோம் என்பது அப்பேச்சின் கருத்து. மறுநாள் பலாலியில் சில ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டன. 1801-ம் வருஷத்து விளம்பரத்தின் வாசகந்தான் திரும்பவும் வந்தது. இம்முறை ஆயுதத்தைக் கொடுக்கிறவன் வாயிலிருந்து வந்தது என்பதே புதுமை.

பொறுப்பை ஏற்ற இந்திய அமைதிப்படை தில்லிக்குப் பதில் சொல்லும். யாழ்ப்பாணத்துக்குப் பதில் சொல்ல அதற்கு வழி கிடையாது. புலிகளும் எல்லா ஆயுதத்தையும் கொடுக்கவில்லை. அக்டோபர் 5-ந் தேதி, இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்பட்ட குமரப்பா, புலேந்திரன் முதலிய 12 பேர் பலாலியில் விஷமருந்தி மாண்டனர். ஐந்து நாட்களில் காக்க வந்த படைக்கும் காக்கப்பட வேண்டியவர்களுக்கும் யுத்தம் மூண்டது. 1990 மார்ச்சில் அப்படை திரும்புமுன் 1,100-க்கு மேற்பட்ட இந்திய வீரர் மாண்டனர். இறந்த தமிழ்க் குடிகளின் தொகையை எவரும் செவ்வையாக எழுதி வைக்கவில்லை. ஒப்பந்தத்தின் பயனாக 1987 நவம்பரில் செய்யப்பட்ட 13-வது அரசியல் திருத்தத்தில் மாகாணங்களுக்குப் போலீஸ் அதிகாரம் எழுதப்பட்டது. எழுதப்பட்ட அதிகாரம் ஏட்டிலேயே தங்கியது. ஆயுதத்தைக் கொடு என்று கேட்டார்களே யொழிய, காவலை ஊராரிடம் ஒப்படைக்க எவரும் முன்வரவில்லை.

இதோடு நிறுத்தினால் பாதிச் சாட்சியத்தோடு நிறுத்திய குற்றம் நம்மையே சேரும். ஒப்பந்தத்துக்கு ஒரு வருஷத்துக்கு முன்பே, 1986 ஏப்ரல், மே மாதங்களில், புலிகள் தங்கள் துப்பாக்கியை டெலோ இயக்கத்துத் தமிழர் மீது திருப்பினர். அவ்வருஷ இறுதியில் ஈ.பி.ஆர்.எல்.எப். இயக்கத்துக்கும் அதே கதி நேர்ந்தது. 1989 ஜூலையில் அமிர்தலிங்கம் கொழும்பில் தம் இல்லத்திலேயே கொலையுண்டார். 1991 மே 21-ந் தேதி ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது தமிழ்நாட்டின் தலைமேல் விழுந்த பழி. சர்க்காரின் பட்டாளம் யாழ்ப்பாணத்தாருக்குப் பதில் சொல்லவில்லை என்பது உண்மை. இயக்கத்தின் பட்டாளம் யாருக்குப் பதில் சொல்லிற்று? தேர்தல், சபை, கோர்ட் ஆகிய மூன்றும் இல்லாத ஆயுதம் முதலில் அந்நியனைச் சுடும், பிறகு அயலானைச் சுடும், பிறகு ஆட்சேபிக்கிற அண்ணனைச் சுடும். எதிர்ப்புப் படையின் துப்பாக்கி புனிதமானது என்கிற நண்பர்கள் 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் இரு தரப்புக்கும் நடுவே அகப்பட்ட குடும்பங்களை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

ஒப்படைப்பு எங்குமே நன்றாக முடிந்ததில்லை என்று எண்ண வேண்டாம். நமது அண்டை நாடாகிய நேபாளம் 2006 நவம்பரில் ஒரு வழி கண்டது. மாவோயிஸ்டுகள் தங்கள் ஆயுதங்களைப் பெரிய இரும்புப் பெட்டகங்களில் வைத்துப் பூட்டினர். ஐக்கிய நாடுகள் சபை காவல் பார்த்தது. சாவி மட்டும் மாவோயிஸ்டுகள் கையிலேயே இருந்தது. அதே அளவு ஆயுதத்தை நேபாள ராணுவமும் பூட்டி வைத்தது. இரண்டு வருஷத்துக்குள் தேர்தல் நடந்தது, மன்னராட்சி போயிற்று, போராடியவர்களின் தலைவர் பிரதம மந்திரியானார். முடிவில் அவர்களுடைய வீரரில் சுமார் 1,400 பேர் தேசிய ராணுவத்தில் சேர்க்கப்பட்டனர். ஏனையோர் பணம் பெற்று வீடு திரும்பினர். பேராசையும் பிணக்கும் அங்கும் இருந்தன. ஆயினும் சாவியைத் திருப்பித் திறக்க வேண்டிய அவசியம் நேரவில்லை. அயர்லாந்தில் 1998-ல் அதிகாரப் பங்கீடு முதலில் ஒப்புக்கொள்ளப்பட்டது. குடியரசுப் படை தன் ஆயுதங்களை முற்றும் ஒழித்தது 2005-ல். நடுவிலே ஏழு வருஷம். நமது தேசத்துக்கும் இதில் ஒரு குறையுண்டு. செங்கோட்டை விசாரணையில், அடிமைப்பட்ட ஜனங்களுக்கு விடுதலைக்காக யுத்தம் செய்யும் உரிமை உண்டென்று ஸ்ரீ புலாபாய் தேசாய் வாதாடி உலகறியச் செய்த பின்னும், நேதாஜியின் படையினரைச் சுதந்திர இந்தியாவின் ராணுவம் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. மலேயாத் தோட்டங்களிலிருந்து புறப்பட்ட எத்தனையோ தமிழர் அதில் இருந்தனர்.

லெபனானைப் பற்றி நமது அபிப்பிராயம் இவ்வளவில் விளங்கியிருக்கும். 1989-ல் தாயிப் நகரில் செய்த உடன்படிக்கையின்படி ஏனைய ஆயுதக் கூட்டங்கள் கலைந்தன; தெற்கே இஸ்ரேலின் படை குந்தியிருந்தபடியால் ஹிஸ்புல்லா மட்டும் ஆயுதத்தோடு விடப்பட்டது. தேசத்தின் ராணுவம் செய்ய முடியாததை அது செய்தது. 2000 மே மாதத்தில் அந்நியன் வெளியேறினான். அந்தப் புகழை எவரும் மறுக்கவியலாது. அந்நியன் போன பின்பும் ஆயுதம் நின்றது. 2008 மே மாதத்தில், இயக்கத்தின் தந்திக் கம்பி ஏற்பாட்டில் சர்க்கார் கைவைத்தவுடன் அதே துப்பாக்கிகள் பெய்ரூத் நகரத் தெருக்களில் சொந்த தேசத்தார்மேல் திரும்பின. தேசத்தை யுத்தத்தில் இறக்குவதா என்பதை 2006-லும் 2023-லும் சபை தீர்மானிக்கவில்லை, இயக்கம் தீர்மானித்தது. விலை கொடுத்தது தேசம். ஆகையால் ஆயுதத்தைக் கேட்கும் உரிமை லெபனான் சர்க்காருக்கு உண்டு என்பதில் எமக்குச் சந்தேகமில்லை. மறுப்பவர்கள் சின்னமலையின் பெயரை இழுக்க வேண்டியதில்லை. சின்னமலையின் காலத்தில் கேட்கிற சபை ஒன்றே இருக்கவில்லை.

ஆனால் கேட்கிறவர்கள் தெற்கு எல்லைக் கிராமத்தானுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பர் 27-ந் தேதி போர் நிறுத்தம் ஏற்பட்ட பின்பும் அவன் தலைக்குமேல் குண்டு விழுவது நிற்கவில்லை. 2025 பிப்ரவரியில் இஸ்ரேலின் துருப்புகள் பெரும்பாலும் விலகியபோது ஐந்து குன்றுகளை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டன. இந்நிலையில் ஆயுதம் களைதல் வாஷிங்டனின் அவசரத்துக்கும் டெல் அவீவின் கெடுவுக்கும் கட்டுப்பட்டு நடந்தால் அது கிளைவ் பிரபுவின் விளம்பரமாகவே முடியும். அந்நியத் துருப்பு அகல்வதும், தேசிய ராணுவம் எல்லையில் போய் நிற்பதும், இயக்கத்தின் ஆயுதம் கிடங்கில் சேர்வதும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நடக்கட்டும். போர் புரிந்த இளைஞர்களில் தகுந்தவர்களை ராணுவத்தில் எடுத்துக்கொள்ளட்டும். ஷியா வகுப்பார் தோற்கடிக்கப்பட்டவர்களாக அல்லாமல் சபையின் பங்காளிகளாகத் திட்டத்தில் கையெழுத்திட வேண்டும். இஸ்ரேலுக்கு ஆயுதம் விற்கிற வல்லரசுகள் லெபனானுக்கு மட்டும் நிராயுத தர்மத்தை உபதேசிக்க வருவது வேடிக்கை. அவர்களுக்குக் காட்ட வேண்டிய கணக்கு லெபனானிடம் ஒன்றுமில்லை. தன் குடிகளுக்குக் காட்ட வேண்டிய கணக்கே போதிய பளுவானது.

நமது இளைஞர்களுக்கும் தமிழ்நாட்டுச் சர்க்காருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டன்று ஓடாநிலையில் தீரன் சின்னமலைக்கு விழா எடுக்கிறோம். மந்திரிகள் வருகிறார்கள், மாலைகள் குவிகின்றன, வாளேந்திய உருவத்தின்முன் இளைஞர்கள் படம் பிடித்துக்கொள்கிறார்கள். அம்மணிமண்டபத்திலும் விருப்பாச்சியிலும் 1801 டிசம்பர் 1-ந் தேதி விளம்பரத்தின் முழு வாசகத்தையும் தமிழில் பொறித்து வைக்க வேண்டும். வாள் என்ன செய்தது என்பதோடு, வாளை வாங்கிக்கொண்டவன் என்ன வாக்குக் கொடுத்தான் என்பதையும் வருகிறவர்கள் நின்று படிக்கட்டும். மூலம் தேடி அலைய வேண்டியதில்லை. கால்டுவெல் பாதிரியார் 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் அது அச்சாகியிருக்கிறது. அடுத்த ஆடிக்குள் மொழிபெயர்த்துக் கல்லில் வெட்டுவது சர்க்காருக்குப் பெரிய செலவும் அன்று.